அம்மாவுக்கு வாய்க்கரிசி போடல, இப்ப தூக்கம் வரல

செக்கானூரணி பக்கம் ஒரு கிராமத்துல பிறந்து, இப்ப மதுரை டவுன்ல குடியிருக்கிற 38 வயசு சகோதரி ஒருத்தங்க எழுதியிருக்காங்க. ஏழு பக்கம். ஆளை அடையாளம் காட்டுற விவரம் எல்லாத்தையும் எடுத்துட்டு சுருக்கமா சொல்றேன்.

பன்னெண்டு வருஷத்துக்கு முன்னாடி புருஷனோட சேர்ந்து ஞானஸ்நானம் எடுத்து ஒரு சபைக்குப் போக ஆரம்பிச்சிருக்காங்க. அம்மா கடைசி வரைக்கும் குலதெய்வத்தைத்தான் கும்பிட்டாங்க, ஆனா மகள் மதம் மாறினதுக்கு ஒரு வார்த்தை திட்டினதில்ல. ஒவ்வொரு கிறிஸ்மஸுக்கும் முறுக்கு சுட்டு எடுத்துட்டு பஸ் ஏறி வந்து, "உன் சாமியும் நல்ல சாமிதான்டி"ன்னு சொல்லிட்டுப் போவாங்களாம். போன வருஷம் அம்மா திடீர்னு இறந்துட்டாங்க. கேத வீட்டுக்குள்ள போகக்கூடாது, வாய்க்கரிசி போடுறது விக்கிரக ஆராதனை, அழறது அவிசுவாசம்னு பாஸ்டர் சொன்னதால இவங்க தெருமுனையில டீக்கடை ஓரமா நின்னு, பாடை போறதைப் பாத்துட்டு திரும்பி வந்திருக்காங்க. அடுத்த ஞாயித்துக்கிழமை பிரசங்கத்துல பாஸ்டர் பேர் சொல்லாம, "சுவிசேஷம் கேட்டும் ஏத்துக்காம செத்தவங்க இப்ப எரிஞ்சுக்கிட்டு இருக்காங்க"ன்னு சொல்லியிருக்கார். அன்னையிலிருந்து தூக்கம் இல்ல. கனவுல அம்மா வந்து தண்ணி கேக்குறாங்க. ராத்திரி எந்திரிச்சு முப்பது நாப்பது தடவை மன்னிப்பு ஜெபம் பண்றாங்க. பத்து வயசு மகள், "அம்மாச்சி நெருப்புலயா இருக்காங்க?"ன்னு கேட்டுட்டு சன்டே ஸ்கூலுக்குப் போக மாட்டேங்குது. அண்ணன், "பெத்தவளுக்கு ஒரு கை அரிசி போடாதவ வீட்டுக்கு நான் சீர் கொண்டு வரமாட்டேன், மதம் மாறிட்டதால சொத்துல பங்கும் கிடையாது, விடுதலைப் பத்திரத்துல கையெழுத்து போடு"ன்னு சொல்லிட்டாரு. தலைமுறை சாபத்தை முறிக்க உபவாச ஜெபம், அதுக்கு பத்தாயிரம் காணிக்கைன்னு சபையில கேக்குறாங்க. இன்னும் ரெண்டு மாசத்துல அம்மாவோட முதல் வருஷத் தெவசம். கடைசி வரி இதுதான்: "இப்படி எல்லாம் கேள்வி கேக்குறதே பாவமா மேடம், நீங்க எந்த மதம்?"

கடைசி கேள்வியிலிருந்தே வர்றேன் ம்மா. நான் மீனாட்சி கோயிலுக்குப் போற வீட்டுல பிறந்தவ, மனநல ஆலோசகர், பாஸ்டரும் இல்ல வேதபண்டிதரும் இல்ல. நரகம் இருக்கா இல்லையா, உங்க அம்மா எங்க இருக்காங்கன்னு சொல்ற தகுதி எனக்கு இல்ல. ஆனா இதை நான் உங்க மதத்துல மட்டும் பாக்கல. கேத வீட்டுல கருட புராணம் வாசிக்கக் கேட்டுட்டு, அப்பா எண்ணெய்க் கொப்பரையில இருக்காரோன்னு மாசக்கணக்கா தூங்காம வந்தவங்களுக்கும் பக்கத்துல உக்காந்திருக்கேன். அதனால உங்க சபையைக் குறை சொல்றதுக்காக இதை எழுதுறேன்னு நினைச்சுக்காதீங்க.

கடிதத்தை மூணு தடவை படிச்சேன். ஏழு பக்கத்துல நரகத்தைப் பத்தி நாலு பக்கம் இருக்கு, அம்மா செத்ததைப் பத்தி நாலே வரிதான் இருக்கு. உங்களுக்கு துக்கம் கொண்டாடவே விடல ம்மா. ஒப்பாரி வச்சு, மாரடிச்சு, பொம்பளைங்க தோள்ல சாஞ்சு அழ வேண்டிய அழுகை அது, அதை டீக்கடை ஓரத்துல நின்னு முழுங்கிட்டு வந்தீங்க, அது உள்ள போய் பயமா மாறியிருக்குன்னு நான் நினைக்கிறேன். கனவுல அம்மா தண்ணி கேக்குறது நரகத்துலேர்ந்து வந்த சேதியா இருக்கணும்னு இல்ல, கடைசியா வாயில ஒரு சொட்டு விட முடியாமப் போன மகளோட மனசு ராத்திரியில அந்த வேலையை முடிக்கப் பாக்குது. அழறது அவிசுவாசம்னு சொன்னாங்களே, சிநேகிதன் லாசரு இறந்தப்போ "இயேசு கண்ணீர் விட்டார்"னு உங்க வேதத்துலேயே இருக்கு. கொஞ்ச நேரத்துல அவனை உயிரோட எழுப்பப் போறோம்னு தெரிஞ்சும் அழுதார்.

கேள்வி கேக்குறது பாவமா

இதுல நீங்க தப்பா நினைச்சிருக்கீங்க. ஆதியாகமம் 18-ஐ எடுத்துப் படிங்க. சோதோம் ஊரை அழிக்கப் போறேன்னு கடவுள் சொன்னதும் ஆபிரகாம் சரின்னு தலையாட்டல. அம்பது நீதிமான் இருந்தா விடுவீரா, நாப்பத்தஞ்சு இருந்தா, நாப்பது, முப்பது, இருபதுன்னு பத்து வரைக்கும் இறக்கிக் கொண்டு வந்து, "சர்வலோக நியாயாதிபதி நீதிசெய்யாதிருப்பாரோ"ன்னு நேருக்கு நேரா கேக்குறார். உங்க கேள்விக்கு அடியில இருக்கிறதும் அதேதான். ஆபிரகாமை அதுக்காக யாரும் தண்டிக்கல. யோபுவும் புத்தகம் பூரா கேள்விதான் கேட்டார், கடைசியில கடவுள் கோவப்பட்டது யோபு மேல இல்ல, பக்கத்துல உக்காந்து "நீ ஏதோ பாவம் செஞ்சிருப்ப"ன்னு விளக்கம் சொன்ன கூட்டாளிங்க மேல.

உங்க வீட்டுக்காரர், "அபிஷேகம் பண்ணப்பட்டவங்களைத் தொடக்கூடாது, ஊழியக்காரரை எதிர்த்தா சாபம்"னு சொல்றதா எழுதியிருக்கீங்க. அது 105-ஆம் சங்கீதத்துல வர்ற வசனம், நாடு விட்டு நாடு அலைஞ்ச முன்னோர்களை ராஜாக்கள் ஒண்ணும் செய்யாம கடவுள் காப்பாத்தினதைச் சொல்ற இடம். போதகர்கிட்ட சந்தேகம் கேக்கக்கூடாதுன்னு அங்க எங்கயும் இல்ல. அபிஷேகம் பண்ணப்பட்ட ராஜா தாவீதையே நாத்தான் தீர்க்கதரிசி முகத்துக்கு நேரா கண்டிச்சார், தாவீது அவருக்கு சாபம் விடல, பாவம் செஞ்சேன்னு ஒத்துக்கிட்டார்.

பாஸ்டர் சொன்னது ஒண்ணுதான் போதனையா

இங்க நியாயமா பேசணும். பாஸ்டர் சொன்னது அவர் சொந்தமா கட்டின கதை இல்ல. இயேசு வழியா இல்லாம ஒருத்தரும் பிதாகிட்ட வர முடியாதுன்னு யோவான் 14-ல இருக்கு, நம்ம ஊர் சுவத்துல எல்லாம் எழுதிப் போட்டிருக்கிற "பாவத்தின் சம்பளம் மரணம்", ஒரேதரம் மரிப்பதும் பின்பு நியாயத்தீர்ப்பும்னு சொல்ற எபிரெயர் 9:27, இதை எல்லாம் வச்சுத்தான் அவர் பேசுறார், ரொம்ப காலமா நிறையப் பேர் அப்படி நம்பியிருக்காங்க. ஆனா கிறிஸ்தவத்துல அது ஒண்ணுதான் பதில்னு நீங்க நினைச்சிருக்கீங்க பாருங்க, அது சரி இல்ல.

கத்தோலிக்கத் திருச்சபை 1964-ல, ரெண்டாம் வத்திக்கான் சங்கத்துல, தன் குற்றம் இல்லாம சுவிசேஷத்தை அறியாம இருந்து, மனசாட்சிப்படி நேர்மையா கடவுளைத் தேடி வாழ்றவங்களும் மீட்பு அடையலாம்னு எழுதி வச்சிருக்கு. நரகத்துல முடிவே இல்லாம எரியுறதுங்கிற போதனையை செவன்த் டே அட்வென்டிஸ்ட் சபை ஏத்துக்கிறதில்ல, இறந்தவங்க நியாயத்தீர்ப்பு வரைக்கும் தூங்குறாங்கன்னு அவங்க சொல்றாங்க. புராட்டஸ்டண்ட் சுவிசேஷகர்கள்ல உலகம் பூரா மதிக்கப்பட்ட ஜான் ஸ்டாட், 1988-ல, முடிவில்லாத வேதனைங்கிறதை மறுபடி யோசிக்கணும்னு வெளிப்படையா எழுதினார். நாலாம் நூற்றாண்டுல நீசா ஊர் கிரகோரிங்கிற ஆயர், கடைசியில எல்லாரும் கடவுள்கிட்ட திரும்பி வந்துருவாங்கன்னே நம்பினார், அவரை இன்னைக்கும் புனிதர்னுதான் கொண்டாடுறாங்க. நரகம்னு நாம படிக்கிற இடத்துல மூல பாஷையில வேற வேற சொல் இருக்கு: எபிரேயத்துல செயோல்னா செத்தவங்க எல்லாரும் போற இடம், இயேசு சொன்ன கெகன்னாங்கிறது எருசலேமுக்கு வெளிய இருந்த இன்னோம் பள்ளத்தாக்கு. இதை எல்லாம் நான் சொல்றது உங்களை வேற சபைக்கு அனுப்ப இல்ல. ஜெபம் பண்ணி, வேதம் படிச்சு, உங்களை மாதிரியே இயேசுவை நேசிச்சவங்க இந்த விஷயத்துல ஒத்துப் போகலன்னு தெரியணும். அதே வேதத்துல ரோமர் 2-ல, மோசே குடுத்த சட்டமான நியாயப்பிரமாணம் இல்லாத, யூதர் அல்லாத புறஜாதிக்காரங்க மனசுல அது எழுதப்பட்டிருக்குன்னு பவுல் சொல்றார். மத்தேயு 25-ல நியாயத்தீர்ப்பு நாள்ல கேக்கப்படுற கேள்வி பசிச்சவனுக்கு சோறு போட்டியா, தாகத்துக்கு தண்ணி குடுத்தியா, அந்நியனைச் சேர்த்துக்கிட்டியாங்கிறதுதான். நீங்களே எழுதியிருக்கீங்க, வாசல்ல வந்து நின்ன யாரையும் அம்மா தண்ணி குடுக்காம அனுப்பினதில்லன்னு.

இன்னொண்ணு சொல்லணும், நீங்க தனியா இல்லன்னு தெரியறதுக்கு. நம்ம முத்துக்குளித்துறை கடற்கரையில ஊர் ஊரா நடந்த சவேரியார் இருக்காரே, அவர் அப்புறமா ஜப்பானுக்குப் போயிட்டு வந்து 1552-ல ஒரு கடிதம் எழுதினார். ஞானஸ்நானம் எடுத்த ஜப்பான்காரங்க, எங்க அப்பா அம்மா தாத்தா பாட்டி எல்லாம் நரகத்துலயா, அவங்களுக்கு ஒண்ணுமே செய்ய முடியாதான்னு கேட்டு அழுததையும், அதைப் பாத்து தனக்கே அழுகையை அடக்குறது கஷ்டமா இருந்ததையும் அதுல எழுதியிருக்கார். அவர் தன் போதனையை மாத்திக்கல, அவங்களுக்கு வழி இல்லன்னுதான் சொன்னார். ஆனா அழுதவங்களைப் பாத்து அவிசுவாசம்னு சொல்லல, அவரும் கலங்கினார். மேடையில நின்னு பேர் சொல்லாம உங்க அம்மாவை எரிய வச்ச பாஸ்டருக்கும் இவருக்கும் நடுவுல உள்ள தூரத்தைப் பாருங்க. ஒரு போதனையை நம்புறது வேற, இன்ன ஆளு இன்ன இடத்துல இருக்கான்னு தீர்ப்பு எழுதுறது வேற. "மற்றவர்களைக் குற்றவாளிகளென்று தீர்க்காதிருங்கள்"னு சொல்லிட்டுத்தான் இயேசு போனார், அந்த நாற்காலியை எந்த மனுஷனுக்கும் குடுக்கல. அம்மா கடைசி மூச்சுல என்ன நினைச்சாங்க, யாரைக் கூப்பிட்டாங்கன்னு உங்களுக்கும் தெரியாது, பாஸ்டருக்கும் தெரியாது.

வாய்க்கரிசியும் மதுரையும்

நம்ம ஊர்ச் சடங்கு விக்கிரக ஆராதனையா வெறும் வழக்கமாங்கிற சண்டை புதுசு இல்ல, அது பெருசா நடந்ததே நம்ம மதுரையிலதான். 1606-ல ராபர்ட் தெ நொபிலிங்கிற இத்தாலி பாதிரியார், தத்துவ போதகர்னு சொல்வாங்களே அவர்தான், இங்க வந்து காவி கட்டி சைவ சாப்பாடு சாப்பிட்டு, கிறிஸ்தவனாகிறவன் தன் ஊர் வழக்கத்தை எல்லாம் விட வேண்டியதில்லன்னு சொன்னார். பூணூல், குடுமி, சந்தனம் எல்லாம் சமூக வழக்கம்னு வாதாடினார், கூட இருந்த பாதிரியார்களே எதிர்த்து ரோம் வரைக்கும் புகார் போச்சு, 1623-ல போப் அவர் பக்கம் தீர்ப்பு சொன்னார். உங்க சபை கத்தோலிக்க சபை இல்ல, அது அவங்களைக் கட்டுப்படுத்தாது, தெரியும். ஆனா எது வழிபாடு எது மரியாதைன்னு பிரிச்சுப் பாக்கலாம்னு நானூறு வருஷத்துக்கு முன்னாடியே இங்க யோசிச்சிருக்காங்க. கேத வீட்டுக்குள்ள போய் அம்மா காலைத் தொட்டு அழறதுல என்ன வழிபாடு இருக்கு? அன்னைக்கு நீங்க வெளிய நின்னது உங்க துரோகமும் இல்ல, உங்களுக்கு வேற வழி காட்டப்படல, பயத்துல நின்னீங்க.

உடம்பையும் மனசையும் பாருங்க

இதைத் தள்ளிப் போடாதீங்க. இறந்து ஆறு மாசம் தாண்டியும் துக்கம் கொஞ்சமும் தணியாம, அன்றாட வேலையையே முடக்கினா அதை நீடித்த துக்கம்னு ஒரு தனி நிலையா உலக சுகாதார நிறுவனம் வகைப்படுத்தியிருக்கு. அதோட நீங்க சொல்ற அந்த முப்பது நாப்பது தடவை ஜெபம், ஒரு தடவை சரியா சொல்லலியோன்னு மறுபடி முதல்லேர்ந்து ஆரம்பிக்கிறது, அது எண்ண சுழற்சி நோயோட (OCD) ஒரு வகையா இருக்கலாம், பக்தி உள்ளவங்களுக்கு அது பாவம் நரகம்ங்கிற உருவத்துல வரும். மார்ட்டின் லூத்தர் துறவியா இருந்த காலத்துல மணிக்கணக்கா பாவ அறிக்கை பண்ணிட்டு, வெளிய வந்ததும் ஒண்ணு விட்டுட்டேன்னு திரும்ப ஓடுவாராம். பக்தி குறைஞ்சதால வர்றது இல்ல, பேய் பிசாசும் இல்ல. சிகிச்சை இருக்கு, பேச்சு சிகிச்சை, தேவைப்பட்டா மாத்திரை. பெரியாஸ்பத்திரியில, அதான் அரசு ராஜாஜி மருத்துவமனையில, மனநலப் பிரிவுக்குப் போங்க, செலவு இல்ல. கடிதத்துல ஒரு இடத்துல "நானும் அம்மாகிட்டயே போயிடலாம்னு தோணுது"ன்னு எழுதி அடிச்சு விட்டிருக்கீங்க, அடிச்சதுக்குக் கீழ அது தெரியுது ம்மா. அந்த நினைப்பு இப்பவும் வருதுன்னா நாளைக்குன்னு வைக்காதீங்க, இன்னைக்கே வீட்டுக்காரர்கிட்ட வாய் விட்டுச் சொல்லுங்க, 14416-க்குக் கூப்பிடுங்க, அது டெலி மானஸ், எந்நேரமும் தமிழ்ல பேசலாம், காசு இல்ல. 104-லயும் பேசலாம்.

மகளுக்கு என்ன சொல்றதுன்னு கேட்டீங்க. அந்த வயசுல பிள்ளைங்க நெருப்புன்னா அடுப்பு நெருப்பைத்தான் நினைக்கும். கட்டாயப்படுத்தி சன்டே ஸ்கூல் அனுப்ப வேண்டாம் இப்போதைக்கு. மடியில உக்கார வச்சு, "அம்மாச்சி செத்துப் போனதுக்கப்புறம் எங்க இருக்காங்கன்னு எனக்குத் தெரியாதுடா, கடவுளுக்குத்தான் தெரியும், அவரு அம்மாச்சியை நம்மளை விட நல்லா தெரிஞ்சவரு, அம்மாச்சிக்கு இப்ப வலிக்கல, பசிக்கலன்னு நான் நம்புறேன்"னு சொல்லுங்க. தெரியாதுன்னு அம்மா சொல்றதால பிள்ளை பயப்படாது, அம்மா ராத்திரி எந்திரிச்சு அழறதைப் பாத்துத்தான் பயப்படும்.

பத்தாயிரமும் விடுதலைப் பத்திரமும்

காணிக்கை விஷயத்துல நான் சுத்தி வளைக்கல, குடுக்காதீங்க. சாபத்தை முறிக்க ரேட் சொல்ற இடத்துல உங்க பயம்தான் முதலீடு. பிள்ளை தகப்பனோட அக்கிரமத்தைச் சுமக்கிறதில்லன்னு எசேக்கியேல் 18-ல தெளிவா இருக்கு, அதை பாஸ்டர்கிட்ட மரியாதையா காட்டுங்க. தனியா போகாதீங்க, வீட்டுக்காரரைக் கூட்டிட்டுப் போய், "ஐயா, எங்கம்மாவைப் பத்தி மேடையில பேசாதீங்க, எனக்கு வலிக்குது"ன்னு அந்த ஒண்ணை மட்டும் சொல்லுங்க, நரகம் உண்டா இல்லையான்னு வாக்குவாதத்துக்குப் போகாதீங்க, அதுல நீங்க ஜெயிக்க முடியாது, ஜெயிச்சாலும் தூக்கம் வராது. அவர் எப்படி பதில் சொல்றார்னு பாத்தா அங்க தொடர்ந்து இருக்கலாமா வேற சபை பாக்கலாமான்னு உங்களுக்கே புரியும். விசுவாசத்தையே விட்டுடலாமாங்கிற பெரிய முடிவை இப்ப எடுக்காதீங்க, தூக்கம் திரும்பி வந்ததுக்கு அப்புறம் எடுங்க. வீட்டுக்காரரும் சபையில பொறுப்புல இருக்கார், அவசரப்பட்டா வீட்டுக்குள்ள இன்னொரு சண்டை வரும்.

சொத்து பத்தி: அண்ணன் சொல்றது தப்பு. மதம் மாறினதால உங்க வாரிசுரிமை போகாது, 1850-லேயே அதுக்குச் சட்டம் போட்டுட்டாங்க. அம்மா பேர்ல உள்ள வீடும் அறுபது சென்ட் நிலமும், உயில் எழுதாம இறந்திருந்தா, 1956 இந்து வாரிசுரிமைச் சட்டப்படி பிள்ளைகள் எல்லாருக்கும் சம பங்கு, அப்பா இருந்தா அவருக்கும் ஒரு பங்கு. மதம் மாறினவங்களுக்கு அதுக்கப்புறம் பிறந்த பிள்ளைகள் நேரடியா வாரிசா வர்றதுல அந்தச் சட்டத்தோட 26-ஆம் பிரிவுல ஒரு தடை இருக்கு, அதைத்தான் யாரோ உங்க அண்ணன்கிட்ட குழப்பிச் சொல்லியிருக்காங்க, உங்களுக்கு அது பொருந்தாது. பங்கை வாங்குறதும் அண்ணனுக்கே விட்டுக் குடுக்கிறதும் உங்க இஷ்டம். ஆனா குற்ற உணர்ச்சியில விடுதலைப் பத்திரத்துல கையெழுத்து போடாதீங்க, பதிவு பண்ணிட்டா திரும்ப எடுக்கிறது லேசு இல்ல. வக்கீலுக்குக் காசு இல்லன்னா மதுரை மாவட்ட நீதிமன்ற வளாகத்துல சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கு, பெண்களுக்கு வருமானம் பாக்காம இலவசமா உதவுவாங்க.

தெவசத்துக்குப் போகலாமா

போகலாம்னுதான் நான் நினைக்கிறேன். ஐயர் சொல்ற மந்திரத்துல, படையல்ல கலந்துக்க உங்க மனசாட்சி இடம் குடுக்கலன்னா ஓரமா உக்காருங்க, அதுக்கு அம்மா கோவிச்சிருக்க மாட்டாங்க. ஆனா அடுப்படியில போய் வேலை செய்யலாம், வந்தவங்களுக்கு இலை போடலாம், தண்ணி ஊத்தலாம். அங்க பொம்பளைங்க யாராவது ஒப்பாரி எடுத்தா கூட உக்காந்து அழுங்க, போன வருஷத்து அழுகை அது. ஊர்ல நாலு பேர் சாடை பேசுவாங்க, பேசட்டும்.

அண்ணன் கோவத்தை வெறுப்புன்னு எழுதியிருக்கீங்க. எனக்கு அப்படித் தெரியல. கூடப் பிறந்தவ தெருமுனையில நிக்கிறதைப் பாத்துக்கிட்டே தாயைத் தூக்கிட்டுப் போனவரு அவரு, அவருக்கும் யாரும் ஆறுதல் சொல்லியிருக்க மாட்டாங்க. சொத்துப் பேச்சையும் சீர் பேச்சையும் எடுக்காம முதல்ல ஒரு ஃபோன் பண்ணுங்க. "அண்ணே, அன்னைக்கு நான் உள்ள வந்திருக்கணும், பயந்துட்டேன், என்னை மன்னிச்சிரு"ன்னு அவ்வளவுதான். பைபிளையும் பாஸ்டரையும் அதுல கொண்டு வராதீங்க. ஃபோனை எடுக்கலன்னா மகளைக் கூட்டிட்டு பஸ் ஏறிப் போங்க. தாய்மாமன் வாசல்ல வந்து நின்ன பிள்ளையை உள்ள கூப்பிடாம இருக்க மாட்டாரு. போகும்போது அம்மா சுடுற பக்குவத்துல முறுக்கு சுட்டு எடுத்துட்டுப் போங்க, உங்களுக்கு அது தெரியும்னு கடிதத்துல எழுதியிருந்தீங்க.